நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின்

சரக்கு லாரி நின்றுவிட்ட பின்னரும் அதன் எஞ்சினை நிறுத்தாது ஓடவிடுதல் ஓட்டுநர் பலரின் நெடுநாளைய வழக்கமாகும். பழைய டீசல் எஞ்சின்களைக் குளிர்காலத்தில் மீண்டும் கிளப்புவது பெரும்பாடாக இருந்தமையால் இவ்வழக்கம் தோன்றிற்று. இக்காலத்து எஞ்சின்களுக்கு அத்தேவை பெரும்பாலும் இல்லை; வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இதனை விதியால் தடுக்க முற்பட்ட ஸ்தல ஸ்தாபனங்களுள் ஒன்று அமெரிக்காவிலுள்ள நியூயார்க் மாநகராட்சி. விதியை இயற்றுவதைக் காட்டிலும் அமுல் நடத்துவதே கடினம் என்பதை நன்கறிந்த பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு அந்நகரின் அனுபவம் பயன்படக்கூடும்.

முதலில் நஷ்டக் கணக்கைக் காண்போம். பெரிய லாரியொன்று வெறுமனே எஞ்சினை ஓடவிட்டு நிற்குமாயின், மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் செலவாகிறது. நாளொன்றுக்கு 4 மணி நேரம் அவ்வாறு நின்றால், ஓர் அடியும் நகராமலேயே 12 லிட்டர் புகையாகிவிடும். எண்ணெய் முழுமையாக எரியாததால் எஞ்சினுக்குள் கரி படிந்து தேய்மானமும் மிகுகிறது.

உடல்நலக் கேடு இதனினும் பெரிது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ம் ஆண்டில் அறிவித்தது. காய்கனி, இறைச்சி, மீன் ஆகியவற்றின் மொத்தச் சந்தைகள் ஒருங்கே அமைந்த ஹன்ட்ஸ் பாயின்ட் என்னும் பகுதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் வட்டாரத்தில் உள்ளது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான லாரிகள் வந்து செல்லும் அவ்வட்டாரத்தில் குழந்தைகளிடையே ஆஸ்துமா நோய் மிகுந்திருப்பது பல்லாண்டுகளாக நகரின் கவலையாக இருந்து வருகிறது.

விதி எளியது. நிறுத்தப்பட்ட வாகனத்தின் எஞ்சின் 3 நிமிடத்துக்கு மேல் ஓடலாகாது. பள்ளிக்கூடத்தை அடுத்த இடமாயின் 1 நிமிடமே. இந்தக் கடுமை 2009-ம் ஆண்டில் வந்தது. தீயணைப்பு வண்டி போன்ற அவசர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. சரக்கை ஏற்றி இறக்கும் கருவியையோ, கான்கிரீட் கலக்கும் உருளையையோ எஞ்சினே இயக்க வேண்டியிருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. இவ்விலக்கு நியாயமானதே. வேலை செய்யும் எஞ்சினையும் வீணே ஓடும் எஞ்சினையும் ஒன்றாகக் கருதும் விதியை எவரும் மதியார்.

ஆயினும் 3 நிமிட வரம்பு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. காரணம் வெளிப்படை. குற்றத்தை மெய்ப்பிக்க அதிகாரி அங்கேயே 3 நிமிடம் காத்து நிற்க வேண்டும்; அவரைக் கண்டதும் ஓட்டுநர் சாவியைத் திருப்பிவிடுவார்!

2018-ம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால் மாநகராட்சி பொதுமக்களையே சாட்சிகளாக்கியது. லாரியோ பஸ்ஸோ 3 நிமிடத்துக்கு மேல் அவ்வாறு நிற்பதை, வண்டி எண் தெரியும்படி, இடையறாத படமாகத் தம் கைப்பேசியில் பிடித்து எவரும் அனுப்பலாம். அபராதம் வசூலானால் அதில் 25 சதவீதம் அவருக்குச் சன்மானம். முதற் குற்றத்துக்குரிய 350 டாலர் அபராதத்தில் இது 87 டாலர் 50 சென்ட் ஆகும். புகார்கள் ஆண்டுக்குப் பதினாயிரக்கணக்கில் வரலாயின.

இதனால் புதிய சச்சரவும் எழுந்தது. புகார் செய்வதையே சிலர் முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டனர் என்று லாரி உரிமையாளர்கள் முறையிட்டனர். படம் பிடிப்போர் தாக்கப்பட்டதும் உண்டு. சன்மானத்தைக் குறைக்கவும், புகார் செய்வோருக்கு நடத்தை விதிகள் வகுக்கவும் கருதிய மசோதா ஒன்று 2024-ம் ஆண்டில் நகர மன்றத்தில் கொண்டுவரப்பட்டது. சன்மானம் இன்றியே மக்கள் முன்வருவர் என்று எதிர்பார்ப்பது எளிது; ஆனால் முந்தைய பல பத்தாண்டுகளில் அவ்வாறு நேரவில்லை.