பழைய குரலும் இரைச்சலும்

பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டால், பாட்டுக்கு முன்னால் ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் நம்மை வரவேற்கும். அக்காலத்து 78 சுழற்சித் தட்டுகள் அரக்கோடு கல்தூள் கலந்து செய்யப்பட்டவை. அத்தூளின்மீது ஊசி உராய்வதே இந்த இரைச்சல்.

இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கரூசோ 1902-இல் மிலான் நகர ஓட்டல் அறையொன்றில் தட்டுகளுக்காகப் பாடினார். மின் ஒலிவாங்கியால் பதிவு செய்யும் முறை 1925-இல்தான் பரவியது. அவரோ 1921-இலேயே காலமானார். ஆகவே அவர் பாடியதெல்லாம் கொம்பின் வாய்க்குள்தான்! அக்கொம்பு சில சுரங்களைப் பெரிதாக்கும், சிலவற்றை விழுங்கிவிடும்.

அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ஸ்டாக்ஹாம், பிற்காலப் பாடகர் ஒருவரின் பதிவோடு ஒப்பிட்டு, கொம்பு செய்த கோளாறைக் கணிப்பொறியால் கணக்கிட்டுத் திருத்தினார். அத்தட்டு 1976-இல் வெளிவந்தது.

இரைச்சலைப் போக்குவது வேறு வேலை. கீறலால் வரும் ‘டக், டக்’ ஒலி கண நேரமே இருக்கும். அதை வெட்டி, பக்கத்து ஒலியைக் கொண்டு ஒட்டுப் போட்டுவிடலாம். ‘உஸ்’ அப்படியல்ல, பாட்டு முழுவதும் பரவியிருக்கும். குரலுக்கு ஒளி தரும் மெல்லிய மேல்சுரங்களும் அதனுள்ளேயே கலந்திருக்கின்றன. அளவுக்கு மீறி வடிகட்டினால் இரைச்சலோடு அவையும் போய்விடும். பாடகர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் கேட்கும். அதைவிடச் சிறிது இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் எண்ணம்.

மறுவெளியீடு ஒன்று கையில் கிடைத்தால், நீண்ட சுரம் முடியும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். குரல் மெல்ல மெல்லத் தேய்கிறதா, கத்தரித்தாற்போல் சட்டென்று நிற்கிறதா? சட்டென்று நின்றால், வடிகட்டியவர் குரலின் வாலையும் சேர்த்து வெட்டிவிட்டார்.