ஒரு தீவு, நான்கு பெயர்

முகிலும் கொப்பியும் – 7

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகுக்கு நிற்கும் சனத்தைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். வேட்டி கட்டிய ஐயா ஒருவர், "நயினாதீவுப் படகு வெளிக்கிட்டிட்டுதோ?" என்று விசாரிப்பார். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய வெள்ளை உடுப்புக் குடும்பம் "நாகதீப" என்று கேட்கும். நாகபூசணி அம்மனிடம் போகிறவரும் நாக விகாரைக்குப் போகிறவர்களும் ஏறுவது ஒரே படகில். படகுக்காரர் யோசிப்பதேயில்லை. இரண்டு பெயருக்கும் கரை ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும்.

கணினிக்கு அது தெரியாது. யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக் கொடுக்கும் வேலையைச் சுற்றித்தான் இன்று உலகில் பெரியதொரு தொழில் வளர்ந்திருக்கிறது. தரவு ஒருங்கிணைப்பு என்பது அதன் பெயர். முகிற்கணிமை என்றால் என்ன, நமது கணக்குகள் மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள தரவு மையங்களில் எப்படி இருக்கின்றன என்பதைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். வெவ்வேறு கொப்பிகளில் கிடக்கும் கணக்குகள் அங்கே எப்படி ஒன்றாகின்றன என்பதை இந்த வாரம் தீவகத்தில் நின்று பார்ப்போம்.

நயினாதீவை ஒல்லாந்தர் ஹார்லெம் என்று எழுதினார்கள். மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் இதுவே என்பார் பலர். ஆக ஒரு தீவுக்கு நான்கு பெயர். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது, அனலைதீவு ரொட்டர்டாம், வேலணை லைடன். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஊர்காவற்றுறையைக் கயிற்ஸ் என்கிறோம். அது இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் மிச்சம். காரைதீவின் கதை இதற்கு நேர்மாறானது. கிழக்கிலும் ஒரு காரைதீவு இருந்ததால், குழப்பம் தீர 1920களில் இது காரைநகர் ஆயிற்று. ஓரிடத்துக்குப் பல பெயர், பல இடத்துக்கு ஒரு பெயர்: தரவு ஒருங்கிணைப்பு நிபுணர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இரண்டு சிக்கலும் நம் தீவுகளில் பாடப்புத்தகம் போல விரிந்து கிடக்கின்றன.

இனி வியாபாரத்துக்கு வருவோம். தீவகக் கடலில் பிடிபடும் நீலக்கால் நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வருகிறது. வாங்குபவர் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுகிறார்: பெயரின் முதலெழுத்து, கிலோ, விலை, முற்பணத்தில் கழித்தது. நண்டு அங்கிருந்து பதனிடும் இடத்துக்குப் போகிறது. அங்கே அவித்து, உடைத்து, சதை எடுத்துத் தரம் பிரித்து எக்செலில் பதிகிறார்கள், ஆங்கிலத்தில். கொழும்பில் இருக்கும் ஏற்றுமதியாளர் தன் கணக்கை முகிலில் உள்ள ஒரு மென்பொருளில் வைத்திருப்பார். கடல் கடந்த கொள்வனவாளர் இறாத்தலில் பேசுவார். ஒரே நண்டு நான்கு இடத்தில், நான்கு மொழி வழக்கில், நான்கு கணக்காய்க் கிடக்கிறது.

இவற்றை இணைக்க மூன்று படி உண்டு: எடுத்தல், திருத்தல், சேர்த்தல். ஒவ்வொரு இடத்திலிருந்தும் பதிவுகளை எடுக்க வேண்டும். அவற்றை ஒரே அச்சுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பொதுவான களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். முன்பு ஒவ்வொரு கம்பனியும் இதற்கெனத் தனியாகச் சேவைக் கணினியும் ஆளும் வைத்துக்கொண்டது. இப்போது முகிலில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. இந்தச் சந்தையின் பெறுமதியை அறிய இரண்டு கைமாற்றங்கள் போதும். மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் மியூல்சொவ்ற் நிறுவனத்தை சேல்ஸ்ஃபோர்ஸ் 2018இல் ஏறத்தாழ 6.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அதே சேல்ஸ்ஃபோர்ஸ் 2025இல் தரவு ஒருங்கிணைப்பு நிறுவனமான இன்ஃபர்மாட்டிக்காவை ஏறத்தாழ 8 பில்லியனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. நமக்குப் பக்கத்தில், தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனம், சோஹோ ஃபுளோ என்ற பெயரில் இதே வகைச் சேவையை நடத்துகிறது.

எடுப்பதும் சேர்ப்பதும் இன்று பெருமளவு தாமாகவே நடக்கின்றன. பணமும் காலமும் கரைவது நடுப்படியில்தான். அங்கே ஒரு கொப்பிப் பக்கத்தை விரித்து வைப்போம். "03/04, க.செ., 12½" என்று ஒரு வரி இருக்கிறதென்று வையுங்கள். வாங்கியவருக்கு அது சித்திரை மாதத்து மூன்றாம் திகதி. மாதத்தை முன்னே எழுதும் அமெரிக்க அமைப்பில் இயங்கும் மென்பொருளுக்கு அது மார்ச் 4. க.செ. யார்? அந்தக் கரையில் அந்த முதலெழுத்தில் அண்ணனும் தம்பியும் இருக்கலாம்; இருவரும் ஒரே வள்ளத்தில் போகிறவர்களாயும் இருக்கலாம். 12½ கிலோவில் கூடையின் நிறை கழித்ததா, கழிக்காததா? இதற்கெல்லாம் விடை தெரிந்தவர் கரையில் தராசு பிடித்தவர் ஒருவரே.

எழுத்துருச் சிக்கல் இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்துப் பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டியவை. யுனிகோட்டுக்கு மாற்றாமல் அப்படியே முகிலுக்கு ஏற்றினால், நயினாதீவு என்ற பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கோவையாய்ப் போய் நிற்கும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கோப்பிலோ அதே பெயர் மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஆகவே எந்த மென்பொருளை வாங்கும் முன்பும் ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டும். ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் வழக்கிலுள்ள எல்லாப் பெயரும். காணிக் கணக்கில் நாம் இதைப் பழகியவர்கள்தானே. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று மனதிலேயே மாற்றிக்கொண்டு எத்தனை உறுதிகளை வாசித்திருப்போம்!

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். வாங்குகிற நாடுகள் கேட்கின்றன என்பதே நேரான பதில். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. ஆழ்கடல் படகுகள் எங்கே பிடித்தன, எவ்வளவு பிடித்தன என்பதற்குப் போதிய கண்காணிப்பு இல்லை என்பது முக்கியமான குறை. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. அது பெரிய படகுகளின் கதை. ஆனால் அந்தக் கேள்வி சின்னக் கரைகளை நோக்கியும் நகர்ந்து வருகிறது. அமெரிக்கா 2018 ஜனவரி முதல் சில கடலுணவு வகைகளுக்குப் பிடித்த இடம் தொடங்கி இறக்குமதி வரை பதிவு கேட்கிறது. அந்தப் பட்டியலில் கடலட்டையும் இருக்கிறது. 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் பிடிச் சான்றிதழை 'கேட்ச்' என்னும் இணைய முறைமையூடாகவே கொடுக்க வேண்டும். கரையில் எழுதிய கொப்பி அந்தத் திரையோடு பொருந்தாவிட்டால், பண்டம் நல்லதாயிருந்தும் பெட்டி துறைமுகத்தில் நிற்கும்.

தீவுக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய விடயமும் உண்டு. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி இருந்தவை. இந்திய நன்கொடையில் இம்மூன்று தீவுக்கும் சூரிய ஒளி, காற்று மின் கலப்புத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில்தான் உடன்படிக்கை கைச்சாத்தானது. மின்சாரமும் சிக்னலும் விட்டுவிட்டு வரும் கரையில், எப்போதும் இணைப்பு இருக்கும் என்று நம்பிக் கட்டிய செயலி உதவாது. பதிவு முதலில் போனிலேயே தங்க வேண்டும். சிக்னல் கிடைக்கும்போது தானாகப் போக வேண்டும். போனதோ இல்லையோ என்ற ஐயத்தில் விரல் இரண்டாம் தரமும் அழுத்தும். அப்போது மூன்று கூடை நண்டு கொழும்பில் ஆறு கூடையாகிவிடக் கூடாது. எழுதும் கணத்திலேயே ஒவ்வொரு பதிவுக்கும் தனி இலக்கம் விழுந்துவிட்டால், அதே இலக்கம் இரண்டாம் தரம் வரும்போது முகில் அதை ஒதுக்கிவிடும். வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இரண்டாவது கேள்வி, பிரதி எங்கே என்பது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகில் கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே இது நடந்தது. ஆகவே முகிலில் ஏற்றிவிட்டோம் என்று கொப்பியை அடுப்பில் போடாதீர்கள். மூன்றாவது, தொழிலாளியின் பெயரும் கடனும் யார் கண்ணில் படும் என்பது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் உண்டு. முற்பணக் கடன் எவ்வளவு என்பது வாங்குபவருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான விடயம். அது கொழும்புத் திரைவரை போக வேண்டிய தேவை என்ன என்று கேட்கிற உரிமை கரையில் நிற்பவருக்கு இருக்கிறது.

இந்த வேலையை யார் செய்வது? விடை யாழ்ப்பாணத்தின் பழைய ஏட்டிலேயே இருக்கிறது. போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த தோம்புகள், எந்தக் காணி யாருடையது, என்ன வரி என்பதை ஊரூராய் ஒரே ஏட்டில் சேர்த்தவை. அவை வரி வாங்க எழுதியவை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் தேசவழமை எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி நம் வழக்கங்களைத் தொகுத்தார். நீண்ட காலம் இங்கே வாழ்ந்தவர் அவர். ஆனாலும் அவர் எழுதியதோடு அது முடிந்துவிடவில்லை. தமிழில் பெயர்த்து 12 தமிழ் முதலியார்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் வாசித்துச் சரி பார்த்து ஒப்பிய பிறகுதான் அது சட்டமானது. இன்றும் நம் காணி வழக்குகளில் அந்தத் தொகுப்பு பேசப்படுகிறது.

முந்நூறு ஆண்டு கழித்து நமது வியாபாரங்களுக்கும் அதையே கேட்கிறேன். மென்பொருள் எங்கிருந்தும் வரட்டும்; களஞ்சியம் எந்த நாட்டிலும் இருக்கட்டும். பெயர்ப்பட்டியலைச் சரி பார்க்கும் சம்பள வேலை மட்டும் தீவில் இருக்க வேண்டும். நெடுந்தீவில் உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக்குப் போவதா, கப்பலேறுவதா என்று யோசிக்கும் பிள்ளைக்கு, எந்த க.செ. எந்த வள்ளம் என்று தெரியும். அந்த அறிவுக்குப் பெறுமதி உண்டு என்று முதலாளிமார் உணர வேண்டும். குறிகட்டுவானில் அந்தப் படகுக்காரர் இரண்டு பெயரையும் கேட்டு ஒரே படகில் ஏற்றுகிறாரே, அந்த வேலைக்கு இன்னும் ஆள் தேவை.

அடுத்த வாரம்: ஊர்காவற்றுறைக் கடையொன்றின் கடன் கொப்பி போனுக்குள் போகும்போது.