கதவிலிருந்து கதவு வரை ஒரே சீட்

1950-களில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் தனித்தனி இருக்கைகள் கிடையாது. ஒரு கதவில் தொடங்கி மறு கதவு வரை நீளும் ஒரே சீட். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் தண்டு தரையிலிருந்து எழாமல் ஸ்டியரிங் ஓரத்தில் இருந்ததால், ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. இந்தியாவின் அம்பாசடர் காரிலும் பல ஆண்டுகள் இதே ஏற்பாடுதான் இருந்தது. இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்த அமெரிக்கர்கள் தங்கள் இளமைக் காதலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்த நீள சீட் எப்படியாவது பேச்சுக்குள் வந்துவிடும்.

கார் வருவதற்கு முன் அங்கும் காதல் வீட்டுக்குள்தான் நடந்தது. பையன் பெண்ணின் வீட்டுக்கு வருவான். முன்கூடத்திலோ திண்ணையிலோ உட்கார்ந்து பேசுவான். பக்கத்து அறையில் தாய் இருப்பாள். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி, 1927-இல் நிறுத்தப்படும் முன் ஒன்றரைக் கோடி வண்டிகள் தயாராகும் அளவுக்குப் பரவியது. அதைவிடப் பெரிய மாற்றம், கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார். 1919-இல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடியது. 1927-இல் பத்தில் எட்டுக்கும் மேல். மழையிலும் குளிரிலும் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம் கிடைத்தது. இன்டியானா மாநிலத்தின் மன்சி நகரை ஆராய்ந்து ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் 1929-இல் வெளியிட்ட ‘மிடில்டவுன்’ நூல், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே மூண்ட சண்டைகளின் காரணங்களில் காரையும் சேர்த்திருக்கிறது.

ஸ்டியரிங் ஓர கியர் 1930-களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் பரவலானது. முன் சீட்டில் மூன்றாவது ஆளின் காலுக்கு இடம் தரத்தான் அப்படி மாற்றினார்கள். காதலர்களை யாரும் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பலன் அவர்களுக்குத்தான் கிடைத்தது. பெண் தன் கதவோரத்திலிருந்து நகர்ந்து நடுவில் வந்து அமர்ந்தால், இருவருக்கும் உறவு உறுதியாகிவிட்டது என்று ஊரே புரிந்துகொண்டது. அவள் கதவோரமே ஒட்டி அமர்ந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு. வழுவழுப்பான வினைல் உறை போட்ட சீட்டில், வண்டி வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் பக்கத்தில் இருப்பவர் தானாகவே இடப்பக்கம், அதாவது ஓட்டுபவரை நோக்கிச் சறுக்குவார். இதை அறியாத பையன் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டான். ஸ்டியரிங் வட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு குமிழும் கடைகளில் கிடைத்தது. அதைப் பிடித்து ஒரு கையாலேயே வண்டியைத் திருப்பலாம். மறு கை அவளது தோளைச் சுற்றி இருக்கும்.

முன்கதவுக் கண்ணாடியை ஒட்டி முக்கோண வடிவில் ஒரு சிறு ஜன்னல் இருந்தது. ஏசி இல்லாத காலத்தில் அதைத் திருப்பி வைத்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். ஹெட்லைட்டின் ஒளியைத் தாழ்த்தும் பொத்தான் தரையில், இடது காலடியில். ரேடியோவில் வால்வுகள் சூடாகிப் பாட்டு வரச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். இஞ்சினை அணைத்துவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்டால் பேட்டரி இறங்கிவிடும். வீடு திரும்பத் தாமதமானதற்கு அது உண்மைக் காரணமாகவும் இருக்கும், சாக்காகவும் இருக்கும்.

இந்தக் காருக்கென்றே உருவானது டிரைவ்-இன் தியேட்டர். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் 1933 ஜூன் 6-ஆம் தேதி நியூ ஜெர்சியின் கேம்டன் நகருக்கு அருகே முதலாவதைத் திறந்தார். கட்டணம் காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். ஒவ்வொரு வரிசையிலும் தரையைச் சரிவாக அமைத்து, காரின் மூக்கு சற்றே மேலே தூக்கி நிற்கும்படி செய்தார். முன்னால் நிற்கும் காரின் கூரை திரையை மறைக்காது. பின்னாளில் கார் ஜன்னலிலேயே மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கிகள் வந்தன. 1958-இல் நாடெங்கும் 4,000-க்கும் மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன. குழந்தைகளோடு குடும்பங்கள் முன்வரிசையில் நிற்க, இளைஞர்கள் கடைசி வரிசையைத் தேடிப் போனார்கள்.

இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. கார் பையனுடையது அல்லது அவன் அப்பாவுடையது. பெட்ரோலுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்தவனும் அவனே. எங்கே போவது, எப்போது திரும்புவது என்பது அவன் கையில் இருந்தது. பெண்ணின் வீட்டில் நடந்த பழைய சந்திப்பில் அவளுக்கு இருந்த பிடி, காரில் ஏறியதும் தளர்ந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின இளைஞர்களைச் சில டிரைவ்-இன்கள் உள்ளேயே விடவில்லை, சில தனியே பிரித்து நிறுத்தின. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்லவே நியூயார்க்கின் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் ஒரு வழிகாட்டி நூலைத் தொடங்க வேண்டியிருந்தது.

நினைவு இவற்றையெல்லாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறது. வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே மிக அதிகமாக வரும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். முதல் கார், முதல் காதல், முதல் சம்பளம் எல்லாம் விழுவது அந்த வயதில்தான். ஜார்ஜ் லூகாஸ் 1973-இல் எடுத்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ திரைப்படம், 1962-இன் ஓர் இரவில் கலிஃபோர்னிய இளைஞர்கள் காரில் ஊரைச் சுற்றுவதைக் காட்டியது. பதினோரே ஆண்டுகளில் அந்தக் காலம் ஏக்கத்துக்கு உரியதாகிவிட்டது.

அதற்குள் சீட்டும் மாறத் தொடங்கியிருந்தது. 1964-இல் வந்த ஃபோர்டு மஸ்டாங், தனித்தனி இருக்கைகளையும் தரை கியரையும் இளைஞர்களின் ஆசையாக்கியது. சீட் மறைந்ததற்கு இன்னொரு காரணம் இன்னும் கடுமையானது. பழைய கார்களில் டாஷ்போர்டு வெறும் இரும்பு. ஸ்டியரிங் தண்டு மோதலில் ஈட்டிபோல் நெஞ்சில் பாயும். நடுவில் அமர்ந்த பெண்ணைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கார்களின் ஆபத்தைப் பற்றி வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் 1965-இல் இதை நாட்டின் முன் வைத்தது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1968 முதல் புதிய கார்களில் சீட் பெல்ட் கட்டாயமானது. 1972-இல் 54,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் சாலையில் இறந்தார்கள். அதன்பின் கார்களும் மக்களும் பெருகியும் அந்த எண்ணிக்கை மீண்டும் எட்டப்படவில்லை. நடு இருக்கை போனது நல்லதற்கே. அதில் அமர்ந்தவர்களுக்கு அதன் இழப்பு உண்மையானது என்பதும் சரியே.

முன்பக்கம் நீள சீட்டோடு அமெரிக்காவில் விற்ற கடைசி சாதாரணக் கார், செவ்ரோலே இம்பாலாவின் 2013 மாடல். இன்று அது பெரும்பாலும் பிக்கப் லாரிகளில்தான் கிடைக்கிறது.