மடிநோய்க்கு ஹோமியோபதி: கறவை மாடு வளர்ப்போர் அறிய வேண்டியவை

கறவை மாடு வளர்ப்போருக்குப் பெரும் நஷ்டத்தை உண்டாக்குவது மடிநோய். மடி வீங்கிச் சூடாக இருத்தல், தொட்டால் மாடு உதைத்தல், பால் தண்ணீர் போலவோ திரிதிரியாகவோ வருதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு ஹோமியோபதி மருந்து கொடுக்கலாமா என்று விவசாயிகள் பலர் கேட்கின்றனர். கொடுப்பவர்களும் ஒரே மாதிரியாகக் கொடுப்பதில்லை.

ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹானிமன் 1796-ல் வெளியிட்ட கருத்திலிருந்து எழுந்தது இம்முறை. நலமாக உள்ளவரிடம் ஒரு பொருள் எந்தக் குறிகளை உண்டாக்குகிறதோ, அதே குறிகள் கொண்ட நோயை அப்பொருளே சிறு அளவில் தீர்க்கும் என்பது அவர் கொள்கை.

மூவகைச் சிகிச்சை

1. ஒற்றை மருந்து முறை: நோயின் பெயரைப் பாராமல், மாட்டின் குணம், தீனி, தாகம் என எல்லாக் குறிகளையும் கேட்டு ஒரே மருந்து கொடுப்பது.

2. நோய்க்கு ஏற்ற மருந்து முறை: மடி சிவந்து சூடாக இருந்தால் பெல்லடோனா, கட்டி கட்டியாக இறுகினால் பைட்டோலாக்கா என்று கொடுப்பது.

3. கூட்டு மருந்து முறை: பல மருந்துகளைக் கலந்து கொடுப்பது. ஹானிமன் வழி நிற்போர் இதை ஏற்பதில்லை.

பயன் உண்டா?

இம்மருந்துகளை ஒரு பங்குக்கு 99 பங்கு திரவம் வீதம் படிப்படியாகக் கலந்து தயாரிப்பர். 12 படிகளைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. வழக்கத்திலுள்ள வீரியமோ 30. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-ல் அறிவித்தது. சான்றுள்ள சிகிச்சையை இது தாமதப்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2017-ல் கூறியது.

அப்படியானால் சில மாடுகள் குணமாவது எப்படி? இலேசான மடிநோய் சில சமயம் தானாகவே தணிந்துவிடும். பெயர் மருந்துக்குப் போகிறது. ஆனால் நான்கு நாள் உருண்டை கொடுத்துக் காத்திருந்த ஒரு பசுவை நான் பார்த்தேன். மடியின் ஒரு பகுதி கல்லாக இறுகி, அந்தக் காம்பில் பால் நின்றே போயிற்று.

செய்ய வேண்டியவை

* கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் முதல் பாலைப் பீச்சிப் பாருங்கள். திரி இருந்தால் தெரியும்.

* நோயுள்ள காம்பைக் கடைசியில் கறந்து, அந்தப் பாலை அப்புறப்படுத்துங்கள். கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

* கறந்தவுடன் மாட்டைப் படுக்கவிடாமல் அரை மணி நேரம் தீனி போட்டு நிற்க வையுங்கள்.

* அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட்டபின் அவர் சொல்லும் நாள் வரை பாலை விற்க வேண்டாம்.

மூன்று முறைகளில் எது சிறந்தது என்று ஆராய்வதில் பயனில்லை. உருண்டை கொடுப்பது அவரவர் விருப்பம். அதை நம்பி முதல் நாளை மட்டும் வீணாக்காதீர்கள்.