கார் ரிமோட் சாவி செயலிழப்பு

கார் ரிமோட் சாவி என்பது, காரின் கதவுகளைச் சற்றுத் தொலைவில் இருந்தே பூட்டவும் திறக்கவும் உதவும் சிறிய வானொலி அலைபரப்பி ஆகும். பொத்தானை அழுத்தியும் கார் அசையாமல் இருந்தால், சாவி கெட்டுவிட்டது என்று பலர் உடனே முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் கோளாறு சாவியின் செல்லிலோ, சாவிக்குள் உள்ள மின்சுற்றிலோ, காரிலோ இருக்கலாம். இம்மூன்றில் எது என்று கண்டறிந்த பின்னரே செலவு செய்ய வேண்டும். செல் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். புதிய ஸ்மார்ட் சாவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

இயங்கும் முறை

பெரும்பாலான ரிமோட் சாவிகளுக்குள் தனித்தனியான இரண்டு அமைப்புகள் உள்ளன.

முதலாவது, கதவைத் திறக்கும் ரிமோட். இது செல்லில் இருந்து மின்சாரம் பெற்று வானொலி அலையை அனுப்புகிறது. இந்தியாவில் ஓடும் கார்கள் பலவற்றில் இந்த அலையின் அதிர்வெண் 433 மெகாஹெர்ட்சை ஒட்டியது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் புதிய குறியீடு ஒன்று செல்லும். ஒருமுறை பயன்பட்ட குறியீட்டைக் கார் மீண்டும் ஏற்காது. எனவே, திருடர் ஒருவர் அந்த அலையைப் பதிவு செய்து அப்படியே திரும்ப அனுப்பினாலும் கதவு திறக்காது.

இரண்டாவது, எஞ்சினைக் கிளப்ப அனுமதி தரும் சில்லு. இதற்குச் செல் தேவையில்லை. காரில் உள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப் புலத்தில் இருந்தே இது மின்சாரம் பெறுகிறது. செல் முழுவதும் தீர்ந்த பிறகும் பல கார்களைக் கிளப்ப முடிவது இதனால்தான்.

தொலைக்காட்சி ரிமோட் வேலை செய்கிறதா என்பதைக் கைபேசிக் கேமரா வழியே பார்ப்பது வழக்கம். அது அகச்சிவப்பு ஒளியில் இயங்குவதால் கேமராவில் தெரிகிறது. கார் சாவி வானொலி அலையில் இயங்குவதால் அந்தச் சோதனை இதற்குப் பயன்படாது. சாவியில் உள்ள சிறு விளக்கு எரிவதும் முழுச் சான்று ஆகாது. விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு வலு இருந்தும், அலையைத் தொலைவுக்கு அனுப்பும் வலு செல்லில் இல்லாமல் போகலாம்.

காரணத்தைக் கண்டறிதல்

எளிய சோதனையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செல்வது நல்லது.

1. வீட்டில் உள்ள இரண்டாவது சாவியை அழுத்திப் பார்க்க வேண்டும். அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில் உள்ளது. இரண்டும் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் கோளாறு காரில் உள்ளது.
2. இரண்டும் வேலை செய்யாதபோது காரின் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். உள்விளக்கு மங்கலாக எரிந்தாலோ, ஹாரன் கம்மினாலோ பேட்டரி இறங்கிவிட்டது எனலாம். நல்ல நிலையில், ஓய்வில் உள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.
3. காரின் மிக அருகில் நின்றால் மட்டும் கதவு திறக்கிறது, தள்ளி நின்றால் திறப்பதில்லை என்றால் சாவியின் செல் தீரும் நிலையில் உள்ளது.
4. ஓர் இடத்தில் மட்டும் சாவி இயங்காமல், காரை வேறிடம் நகர்த்தியதும் இயங்கினால் அருகில் உள்ள வேறு மின்கருவியின் அலை குறுக்கிடுகிறது. சாவியில் குறை இல்லை.
5. புதிய செல் போட்ட பின்னும் இயங்காவிட்டால், சாவியும் காரும் குறியீட்டில் ஒத்துப்போகாமல் இருக்கலாம். கார் எட்டாத தொலைவில் குழந்தைகள் பொத்தானைப் பலமுறை அழுத்தி விளையாடினால் இவ்வாறு நேரக்கூடும். மீண்டும் இணைக்கும் முறை காருக்குக் கார் மாறுபடும். அது காருடன் தரப்படும் கையேட்டில் இருக்கும்.

செல் மாற்றுதல்

செல்லின் மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண் கொண்ட செல்லையே வாங்க வேண்டும். சிஆர்2032 என்பதில் 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கும். சிஆர்2025 அதே அகலம் கொண்டது, ஆனால் 2.5 மில்லிமீட்டர் தடிமன்தான். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் செல் ஆடும், அல்லது மூடி சரியாக அடையாது.

பழைய செல்லைக் கழற்றும்போது கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். புதிய செல்லின் இரு முகங்களையும் விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்துப் பொருத்துவது நல்லது. செல்லைத் தாங்கும் உலோக நாக்கு தளர்ந்திருந்தால் அதை மெதுவாக நிமிர்த்தினாலே போதும், சாவி சரியாகிவிடும்.

நீரில் நனைந்த சாவி

தாமிரபரணிக் கரையில் சாவி கெடுவதற்கு நீர் ஒரு முக்கியக் காரணம். பாபநாசம் படித்துறையிலும் குற்றால அருவியிலும் குளிப்பவர்கள் சாவியை இடுப்பிலோ கால்சட்டைப் பையிலோ மறந்துவிடுவதுண்டு. திருச்செந்தூரில் கடலாடும்போதும் இப்படி நேர்கிறது. ஆற்று நீரை விடக் கடல் நீர் கெடுதலானது. அதிலுள்ள உப்பு, மின்சுற்றின் செம்புக் கோடுகளை விரைவாக அரிக்கும்.

நனைந்த சாவியை அழுத்திப் பார்க்கக் கூடாது. உடனே திறந்து செல்லை எடுத்துவிட வேண்டும். உப்பு நீரோ சேற்று நீரோ புகுந்திருந்தால், மின்சுற்றுத் தகட்டைக் காய்ச்சி வடித்த நீரிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ அலசலாம். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு நாள் உலர விட வேண்டும். அரிசிப் பானைக்குள் வைப்பதால் தனிப் பயன் இல்லை. தூசிதான் உள்ளே சேரும். நன்கு உலர்ந்த பின் புதிய செல்லைப் பொருத்த வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்தது.

இத்தகைய வெள்ளத்தில் நின்ற காரைப் பொறுத்தவரை, சாவி இயங்கினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ரிமோட் அலையை வாங்கும் கட்டுப்பாட்டுக் கருவி பல கார்களில் முன்பலகைக்குக் கீழே உள்ளது; எனவே வெள்ளத்தில் அது நனையக்கூடும். எஞ்சினுக்குள் நீர் இருக்கும்போது கிளப்பினால் உட்பாகங்கள் வளையலாம், உடையலாம். பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, காரைப் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுத்துச் செல்லச் செய்வதே முறை.

வழியில் சாவி இயங்காவிட்டால்

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்வோர் போல, கைபேசித் தொடர்பு சரிவரக் கிடைக்காத காட்டுப் பகுதிக்குப் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்திருப்பது நல்லது. ஸ்மார்ட் சாவிகள் பலவற்றின் உள்ளே ஒரு சிறிய உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பக்கத்தில் உள்ள சிறு விசையை நகர்த்தி அதை உருவி எடுத்து ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். அப்போது எச்சரிக்கை ஒலி எழுந்தால் அஞ்சத் தேவையில்லை. காரைக் கிளப்பியதும் அது நிற்கும். பொத்தானால் கிளப்பும் கார்களில், சாவியை அந்தப் பொத்தானை ஒட்டி வைத்து அழுத்தினால் பலவற்றில் எஞ்சின் கிளம்பும். சில கார்களில் சாவியை வைக்கும் இடம் வேறாக இருக்கும்.

குழந்தை உள்ளே இருக்கும்போது கார் பூட்டிக்கொண்டால் இச்சோதனைகளுக்கு நேரம் இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்கு ஏறும். இரண்டாவது சாவி கையருகே இல்லையெனில், குழந்தை இருக்கும் இடத்துக்கு எட்டத்தில் உள்ள பக்கக் கண்ணாடியை உடைத்துத் திறக்க வேண்டும்.

பட்டன் செல்லின் ஆபத்து

கழற்றிய செல்லை மேசையில் விட்டுவிடக் கூடாது. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகும். பயனற்றது என்று கழற்றிய செல்லிலும் அதற்குப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்கும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், 108 ஆம்புலன்சை அழைத்து எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

புதிய சாவி

மேற்கண்ட எதற்கும் சாவி சரியாகாவிட்டால்தான் புதியது வாங்க வேண்டும். புதிய சாவியைக் காரின் கணினியில் பதிவு செய்தால்தான் எஞ்சின் கிளம்பும். இதற்கு வாகனப் பதிவுச் சான்றும் உரிமையாளரின் அடையாளச் சான்றும் கேட்கப்படும். பழைய சாவி தொலைந்திருந்தால், அதன் பதிவை அப்போதே நீக்கச் சொல்ல வேண்டும். கார் காப்பீட்டில் சாவி மாற்றுச் செலவுக்கான கூடுதல் பிரிவு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைப் பணம் செலுத்தும் முன் பார்த்துக்கொள்ளலாம்.