'சர்வர் டவுன்' என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும். ஸ்ரீரங்கம் தாலுகா அலுவலகத்தில் இ-சேவை வரிசையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது பார்த்து, "சர்வர் டவுன்ங்க, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது, அரை நாள் கூலியும் போச்சு. அந்த நேரத்தில் இதை யாராவது கவனிக்கிறார்களா, இல்லையா?

முதலில் ஒரு விஷயம். பல நேரங்களில் டவுன் ஆனது சர்வரே இல்லை. தாலுகா அலுவலகத்தையும் சென்னையில் இருக்கும் மாநிலத் தரவு மையத்தையும் இணைப்பது தமிழ்நாடு மாநில அகலப் பரப்பு வலையமைப்பு. சுருக்கமாக 'டிஎன்ஸ்வான்', எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இயங்குகிறது. சென்னையிலிருந்து மாவட்டத் தலைநகரம், அங்கிருந்து தாலுகா, ஒன்றியம் என்று மரக்கிளை மாதிரிப் பிரிந்து போகும். இந்த வழியில் எங்கே கோளாறு வந்தாலும் கவுன்ட்டர் திரையில் சுற்றுவது அதே வட்டம்தான். குழி தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்திருக்கலாம். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சுவிட்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாராவது செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கலாம். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் நெட்வொர்க் கண்காணிப்பு. கண்காணிப்பு மென்பொருள் ஒவ்வொரு கருவியையும் குறிப்பிட்ட இடைவெளியில் "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் சரி. ஒருமுறை பதில் வராவிட்டால் உடனே கூச்சல் போடாது. இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எச்சரிக்கை கொடுக்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கருவிகளும் தங்களுக்கு நடப்பதையெல்லாம் தாமாகவே எழுதி அனுப்பிக்கொண்டிருக்கும். யாரோ லாகின் செய்தார், கேபிள் கழன்றது, சூடு ஏறியது என்று ஒவ்வொன்றும் ஒரு 'நிகழ்வு'. 'சிஸ்லாக்' என்ற பொதுவான முறையில் இவற்றுக்கு 0 முதல் 7 வரை எண் உண்டு. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 7 என்றால் பொறியாளருக்கு மட்டும் பயன்படும் சில்லறைக் குறிப்பு. 0 என்றால் கருவியே பயன்படுத்த முடியாத நிலை.

நிகழ்வுகள் லட்சக்கணக்கில் வரும். அதில் ஒரு மனிதர் பார்த்தே ஆகவேண்டியதுதான் 'எச்சரிக்கை'. லட்சத்தைச் சலித்துப் பத்தாக்குவதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

திருச்சிக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புப் பணிக்காக 2022 செப்டம்பரில் மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஞாபகம் இருக்கிறதா? பஸ் லேட், ஆட்டோ கிடைக்கல, ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று ஆளுக்கொரு புலம்பல். புலம்பல் நூறு, காரணம் ஒன்று. நெட்வொர்க்கிலும் அப்படியே. ஓர் அலுவலகத்தின் ரௌட்டர் விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா எல்லாமே பதில் சொல்லாது. நாற்பது கருவிக்கு நாற்பது எச்சரிக்கை அடிப்பது நல்ல அமைப்பு இல்லை. எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், "ரௌட்டர் போச்சு" என்று ஒரே எச்சரிக்கை வரும்.

பாலம் மூடியிருந்த மாதங்களில் பேருந்துகள் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் போயின. நெட்வொர்க்கிலும் மாற்று இணைப்பு வைப்பார்கள். முதல் இணைப்பு அறுந்தால் இரண்டாவது எடுத்துக்கொள்ளும். கவுன்ட்டரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டிய எச்சரிக்கை இதுதான். சேவை ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், நான்கு நாள் கழித்து இரண்டாவதும் அறும்போது மொத்தமாக நிற்கும்.

அளவுகோலும் முக்கியம். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் கூட்டம் நெரிந்தால் அது செய்தியே இல்லை. சாதாரண நாள் நள்ளிரவில் அதே கூட்டம் வந்தால் போலீஸ் விசாரிக்கும். அதே மாதிரி, ரிசல்ட் வாரத்தில் இ-சேவைத் தளத்தில் நெரிசல் வருவது எதிர்பார்த்ததுதான். ஆனால் வழக்கமாக அமைதியாக இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று விடியற்காலை மூன்று மணிக்கு வெளியூர் முகவரிக்கு நிறையத் தரவு அனுப்புகிறது என்றால் யாராவது எழுந்து பார்க்க வேண்டும்.

எழுந்து பார்க்காவிட்டால்? 2013-இல் அமெரிக்காவின் 'டார்கெட்' கடைகளில் நடந்தது பிரபலமான உதாரணம். கண்காணிப்பு மென்பொருள் திருட்டு நிரலைக் கண்டுபிடித்து எச்சரித்தது. பெங்களூருவில் இருந்த கண்காணிப்புக் குழு அதைத் தலைமையகத்துக்கும் சொன்னது என்று பின்னர் செய்தி வெளியானது. அதன் மேல் உரிய நேரத்தில் நடவடிக்கை இல்லை. சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரம் போனது. அதனால்தான் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு டிக்கெட் எண், அதற்குப் பொறுப்பாக ஒரு பெயர், இத்தனை நிமிடத்தில் பதில் இல்லையென்றால் அடுத்த அதிகாரிக்குப் போகும் என்ற ஏற்பாடு எல்லாம் தேவைப்படுகிறது. எல்லாருக்கும் மெயில் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயின. பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுத வேண்டியதாயிற்று. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காததே வழிவிட்டது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் 'செர்ட்-இன்' அமைப்பு புதிய உத்தரவுகளைப் போட்டிருந்தது. சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். கடைசி விதி அற்பமாகத் தோன்றலாம். ஒரு கருவி 10.05 என்றும் இன்னொன்று 9.50 என்றும் எழுதினால், திருடன் எந்த வாசலில் முதலில் நுழைந்தான் என்று சொல்லவே முடியாது.

சரி, வரிசையில் நிற்கும் நீங்கள் என்ன செய்யலாம்? பக்கத்துக் கவுன்ட்டரிலும் இதே பிரச்சினையா என்று கேளுங்கள். ஒரு கவுன்ட்டரில் மட்டும் என்றால் கோளாறு அந்த அறைக்குள்ளேயே இருக்கலாம்; எல்லாவற்றிலும் என்றால் வெளியே. புகார் சொல்லும்போது "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாமல் நேரம், எந்தச் சான்றிதழ், திரையில் வந்த வாசகம் மூன்றையும் சொல்லுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணுக்கு அழைத்தாலும் இதுவே உதவும். கட்டணம் போய்விட்டு ரசீது வரவில்லையென்றால், விண்ணப்ப நிலையைப் பார்க்காமல் மறுபடியும் கட்ட வேண்டாம். வீட்டுக்கு முன்னால் பள்ளம் தோண்டப் போகிறீர்களா? 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் முன்கூட்டியே பதிவு செய்தால், அந்த இடத்தில் கேபிள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தகவல் போகும்.

இன்னொன்று. "உங்க விண்ணப்பம் சர்வர்ல மாட்டிக்கிச்சு, இந்த லிங்க்கை அழுத்தி ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் அது கண்காணிப்பு மையம் இல்லை; கோளாறைச் சரிசெய்பவருக்கு உங்கள் ஓடிபி தேவையே இல்லை. ஏமாந்து பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள்.