வாட்ஸ் கணக்கும் தோள்பட்டைக் கணக்கும்

உட்காருங்கள், டீ வரட்டும். ஆம்ப் வாங்கப் போகிற எல்லோரும் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். அதை மூன்றாவது, நான்காவது கேள்வியாகக் கேட்டால் போதும். முதலில் தெரிய வேண்டியது, உங்கள் கிட்டார் சத்தத்தைக் கடைசி வரிசை வரை கொண்டுபோவது யார் என்பது.

கல்யாண மண்டபத்து லைட் மியூசிக் என்றால், பெரும்பாலும் கிட்டார் ப்ராசஸரிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போய்விடும். அங்கே ஆம்ப் தூக்கிக்கொண்டு போனால் சவுண்ட்காரர் முகம் சுளிப்பார். அந்தக் காசுக்கு நல்ல மானிட்டர் வாங்கலாம். ஆம்ப் வேண்டியது ராக், புளூஸ் பேண்டுக்கு, கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடைக்கு, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிற கஃபேக்கு.

1960களின் லண்டனில் நிலைமை வேறு. ஹால் ஸ்பீக்கர்கள் பாடகர் குரலையே தட்டுத் தடுமாறித்தான் கொண்டுபோயின. கிட்டார் தன் சத்தத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், 12 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்து ஒரே பெட்டியாகச் செய்து தரச் சொல்லி ஆம்ப் தயாரிப்பாளர் ஜிம் மார்ஷலிடம் கேட்டார். மார்ஷல் செய்தும் கொடுத்தார். தூக்குகிற ஆட்கள் சும்மா இருப்பார்களா? கடைசியில் பெட்டி இரண்டாகி, நான்கு நான்காக ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. இது மார்ஷலே பின்னாளில் சொன்ன கதை. மேடைப் படங்களில் நாம் பார்த்து ஏங்குகிற அந்த ஸ்பீக்கர் சுவருக்குப் பின்னால் நாலு பேருடைய முதுகுவலியும் இருக்கிறது.

இன்றைக்குச் சின்ன ஆம்ப் முன்னால் ஷூர் எஸ்.எம்.57 மைக் ஒன்றை வைத்தால் மீதியை மிக்ஸர் பார்த்துக்கொள்ளும். டிரம்ஸைத் தாண்டி உங்கள் காதிலும் கூட வாசிப்பவர் காதிலும் விழுந்தால் ஆம்பின் வேலை முடிந்தது.

இப்போது வாட்ஸுக்கு வருவோம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகப் படவேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரின் விவரத்தாளில் இன்னொரு எண் இருக்கிறது. யாரும் அதைக் கேட்பதில்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்கிற எண் அது. செலஸ்டியன் வின்டேஜ் 30க்கு 100. இன்னொரு ஸ்பீக்கருக்கு 97 என்று வையுங்கள். அதற்கு 100 வாட்ஸ் கொடுத்துக் கிடைக்கிற சத்தம் வின்டேஜ் 30இல் 50 வாட்ஸிலேயே வந்துவிடும். நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் பாதி ஆம்ப் இலவசம் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்தது எடை. ஃபெண்டர் 65 ட்வின் ரிவெர்ப் 85 வாட்ஸ் வால்வு ஆம்ப். எடை ஏறக்குறைய 29 கிலோ. 2019இல் அதே தோற்றத்தில் டோன் மாஸ்டர் என்று டிஜிட்டலில் கொண்டுவந்தார்கள். சுமார் 15 கிலோ. வால்வுதான் உயர்வு என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் வீட்டில் லிஃப்ட் இருக்கும். ஸ்பீக்கரிலும் அப்படித்தான். வின்டேஜ் 30 ஏறக்குறைய 4.7 கிலோ, அதில் காந்தத்தின் எடையும் சேர்த்தி. நியோடிமியம் காந்த ஸ்பீக்கர்களில் 2 கிலோ அளவிலேயே கிடைக்கிறது. ஆட்டோவில் போய் இறங்கி மாடி ஏறுகிறவருக்கு என் யோசனை: கையளவு ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்று, ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட பிளைவுட் கேப் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்று. ஹெட் பைக்குள் போய்விடும். ஒரு கையில் கேப், மறு கையில் கிட்டார். ஹெட், கேப் இரண்டில் ஒன்று பழுதானாலும் அதை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம்.

கேப்பின் பின்பக்கம் திறந்ததா, மூடியதா? திறந்தது பின்னாலும் சத்தத்தை விடும், டிரம்ஸ்காரருக்குக் கேட்கும். மூடியதில் கீழ்ச்சுருதி கட்டுக்கோப்பாக முன்னால் வரும். சின்ன மேடைக்கு என் ஓட்டு திறந்ததற்கு. எதுவானாலும் 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் போகும். முழங்காலைப் பார்த்து ஒலிக்கிற கேப்பைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். டிரெபிள் போதவில்லை என்று குமிழைத் திருகித் திருகி முன்வரிசைக்காரர் காதைக் கிழிப்பது அப்போதுதான் நிற்கும்.

ஸ்பீக்கரின் மின்மறுப்பைச் சொல்கிற ஓம் விஷயம் கொஞ்சம் பொறுமை கேட்கும். வால்வு ஆம்பில் 8 என்று போட்ட துளையில் 8 ஓம் கேப்பைத்தான் மாட்ட வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். டிரான்சிஸ்டர், டிஜிட்டல் ஹெட்டுகளில் குறைந்தபட்சம் 4 ஓம் என்றால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே போகலாம். 4 ஓமில் 100 வாட்ஸ் தருவது 8 ஓமில் ஏறக்குறைய பாதி தரும். பாதி என்றால் 3 டெசிபல்தானே, பதற வேண்டாம். இரண்டு 8 ஓம் கேப்பைப் பக்க இணைப்பில் மாட்டினால் 4 ஓம் ஆகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பையன் வாங்கி வருகிறேன் என்றால், பின்பக்கம் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நம்மூர் 230 வோல்ட்டை 120க்கு இறக்குகிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் குறைத்த கிலோவெல்லாம் திரும்ப வந்து சேரும். இன்னொன்று, மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒருநாளும் எடுக்காதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. எர்த் சரியில்லாத மேடையில் கம்பியைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்தால் ஷாக் அடிக்கலாம், உயிருக்கே ஆபத்து.

ஹெட்டையும் கேப்பையும் இணைக்க கிட்டார் கேபிளை எடுக்காதீர்கள். ஜாக் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது மெல்லிய கம்பி. அவ்வளவு மின்சாரம் தாங்காது, சூடேறும். ஸ்பீக்கர் கேபிள் என்றே கேட்டு இரண்டாக வாங்குங்கள், ஒன்று பையிலேயே கிடக்கட்டும்.